ஒரு பொட்டிக்குப் பதினாறு

கிதார்தாம்மா. இந்த உறைக்குள்ள இருக்கறது கிதார்தான். நீங்க காலை நல்லா நீட்டிக்கோங்க, நான் இதை இப்பிடி மடிமேல சாச்சுக்கறேன். வாசிக்கறதுக்குன்னுதான் எடுத்துக்கினு போனேன். வாசிக்கல. உறையைக்கூடக் கழட்டல.

நீங்க எங்க இறங்கணும்? பங்காருபேட்டையா. நான் மாரிகுப்பம், கடைசி ஸ்டேஷன். அப்ப நேரம் இருக்கு. எங்க ஊர்ல இதை நான் யார்கிட்டயும் பேசறதில்லம்மா. பேசினா எல்லாரும் அவ பக்கம் சேந்துக்கறாங்க. உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

அவன்னா என் தங்கச்சி. சூசன்னாள்னு பேரு, சூசின்னு கூப்பிடுவோம். என் பேரு ஹெப்சி. எங்கம்மா போனப்ப சூசி மூணாங்கிளாஸ் படிச்சிக்கினு இருந்தா. அவளுக்குத் தலை பின்னி விட்டது நான், சோறு கட்டிக் குடுத்தது நான், கிதார் புடிக்கக் கத்துக் குடுத்ததும் நான். கம்பி அழுத்தி விரல் நுனியெல்லாம் சிவந்து அழுவா. நான் தேங்காயெண்ணெ தடவி விட்டுட்டு, மறுபடி வாசின்னுவேன். அப்பிடி வளத்தேன். பெரியவளாகி ஐ.டி.ஐ.ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சா. ராபர்ட்சன்பேட்டையில ஒரு ரிப்பேர் கடையில வேலை. நான் பெங்களூர்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல செக்கிங்ல இருக்கேன். இதே ரயில்லதான் தினம் போய் வர்றது.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிப்போம். மத்த நாள்ல கல்யாண ரிசப்ஷன், ஞானஸ்நான விருந்து, எது கூப்பிட்டாலும் போவோம். சிஸ்டர்ஸ் செட்னு சொன்னா கோலார் தங்கவயல்ல தெரியாதவங்க இல்ல. நான் லீடு கிதார். லீடுன்னா பாட்டுக்கு நடுவுல தனியா ஓடும் பாருங்க, அது. சூசி ரிதம். பாட்டுக்குப் பின்னாடி கூடவே தட்டிக்கினு வர்றது. எங்க சித்தப்பா பையன் சாலமோன் டிரம்ஸ். அவ்ளோதான் எங்க செட்.

இப்ப ஆம்ப்ளிஃபயர் விஷயத்துக்கு வர்றேன், நாங்க ஆம்ப்புன்னுவோம். இந்தக் கரண்ட் கிதாரை வெறும்னே மீட்டினா பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது. ஒயர் சொருகி ஆம்ப்புக்குக் கொண்டுபோவணும். ஆம்ப்பு அந்தச் சத்தத்தைப் பெருசாக்கி, ஸ்பீக்கர் பொட்டிக்கு அனுப்பும். எங்கிட்ட இருந்தது வால்வு ஆம்ப்பு. பழைய ரேடியோவுல குண்டு பல்பு மாதிரி உள்ள எரியுமே, அந்த மாதிரி. டெஸ்மண்ட் சார்னு ஒருத்தர், ஆஸ்திரேலியா போறப்ப, ஹெப்சி, நீதான் இதை ஒழுங்கா வெச்சுக்குவேன்னு என் கையில குடுத்துட்டுப் போனார். ஆம்ப்பும், கூட ஒரு பொட்டியும். அந்த ஆம்ப்பை நான் வேற யாரையும் தொட விட்டதில்லம்மா. துடைக்கறதுகூட நான்தான்.

அதுல ரெண்டு ஒயர் சொருகலாம். ஒண்ணுல நான், ஒண்ணுல சூசி. ரெண்டுக்கும் தனித்தனி குமிழ் உண்டு, சத்தம் வெக்கறதுக்கு. நான்தான் வெப்பேன். எனக்கு மேல வெச்சு, அவளுக்குக் கீழ வெப்பேன். ரிதம்தானே, கீழ இருந்தா போதும். அவ மேடையிலயே வந்து சொல்லுவா, அக்கா, என்னுது கேக்கவே மாட்டேங்குதுன்னு. உனக்கெதுக்குடி கேக்கணும், விரல் எங்க போவுதுன்னு உனக்குத் தெரியாதான்னுவேன். ஒரு ரிசப்ஷன்ல ஒரு பொம்பளை வந்து, உங்க தங்கச்சி சும்மா புடிச்சுக்கினு நிக்கறாங்களா, நிஜமாவே வாசிக்கறாங்களான்னு கேட்டுச்சு. சூசி சிரிச்சா. நானும் சிரிச்சேன். இன்னிக்கு நெனச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் ஒரு நாள் அவளே ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு பொட்டி செஞ்சுக்கினு வந்தா. ஸ்பீக்கர் வாங்கி, ஒயரெல்லாம் அவளே ஜோடிச்சு. என் பக்கமும் ஒரு பொட்டி இருந்தா எனக்கும் கேக்கும்கான்னா. சரி வெச்சுக்கோன்னேன். நான் வேணாம்னு சொன்னேனா? சொல்லவே இல்ல. மேடைக்கு அந்தப் பக்கம் அவ பொட்டி, இந்தப் பக்கம் டெஸ்மண்ட் சார் பொட்டி. ரெண்டும் என் ஆம்ப்புலேர்ந்துதானே போவுது, அதனால அவ பொட்டியிலயும் என் கிதார்தான் கேக்கும். ரெண்டு பக்கமும் நான். கேக்க எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா.

அப்பதான் இந்த ஓம்ஸ் சமாச்சாரம் சொன்னா. ஓம்னா சாமி பேரு இல்லம்மா, கரண்ட் கணக்கு. பொட்டிக்குப் பொட்டி ஒரு நம்பர் இருக்கும். கரண்ட்டைப் பொட்டி எவ்ளோ தடுத்து நிறுத்துதுங்கற நம்பர். ஆம்ப்புக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச்சு, அதுல நாலு, எட்டு, பதினாறுன்னு போட்டிருக்கும். பொட்டி என்ன நம்பரோ, சுவிட்ச்சும் அந்த நம்பர்ல நிக்கணும். டெஸ்மண்ட் சார் பொட்டி பதினாறு. இவளும் பாத்துப் பாத்துத் தன் பொட்டியைப் பதினாறுக்கே செஞ்சிருக்கா. ரெண்டையும் மாட்டிட்டு, அக்கா, இனிமே சுவிட்ச்சு எட்டுல இருக்கணும்னா. ஏன்டி, பதினாறும் பதினாறும் முப்பத்திரெண்டு இல்லியான்னேன். நீங்களும் அதைத்தானே நெனச்சீங்க? அவ சொன்னா, சர்ச்சுல ஒரு வாசல் இருந்தா ஜனம் நெருக்கித் தள்ளிக்கினு போவுது, இன்னொரு வாசலைத் திறந்தா நெருக்கடி பாதியாயிடுது இல்ல, அந்த மாதிரின்னு. எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது. எட்டுன்னா எட்டு. அன்னிலேர்ந்து சுவிட்ச்சு எட்டுல இருந்தது. எட்டுலயே வாசிச்சோம். ஒரு குறையும் இல்ல.

இப்ப கேளுங்க, அவ பண்ண வேலையை.

கடையில என்னமோ ரிப்பேர் பண்ணிட்டு டெஸ்ட் பண்றதுக்கு வாசிச்சிருக்கா. பெங்களூர்லேர்ந்து வந்த ஒருத்தர் கேட்டுட்டு, எங்க குரூப்புக்கு வர்றியான்னு கேட்டிருக்கார். இவளும் சரின்னுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொன்னா, சொல்லலன்னு சொல்லல. ஆனா அது சொல்றதா? நான் டியூன் பண்ணிக்கினு இருந்தப்ப வந்து, அக்கா, பெங்களூர்ல ஒரு குரூப்புல கூப்பிடறாங்கன்னா. உம்முன்னேன். போவட்டுமான்னா. கம்பி சரியா நிக்கல, அப்புறம் பேசுன்னேன். மறுநாள் மறுபடி வந்தா. அதுக்கும் மறுநாள் வந்தா. சாப்பிடறப்ப, தூங்கப் போறப்ப, எந்த நேரமும் இதே பேச்சு. எனக்கு அலுத்துப் போச்சு. இப்பிடி நச்சரிக்கறதுக்குப் பேரா சொல்றது?

அறுப்பின் பண்டிகை வந்தது, விளைஞ்சதைக் கொண்டாந்து படைக்கற பண்டிகை. எங்க சர்ச்சுல வருஷத்துக்கு அதுதான் பெருசு. அன்னிக்கு பிஷப் ஐயாவும் வர்றார். அந்த வாரத்துல வந்து சொல்றா, அக்கா, பண்டிகைக்கு உன்கூட வாசிச்சிட்டு அப்புறம் போறேன், ஆனா போறது போறதுதான்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். போறவ இப்பவே போடி, இனிமே என் மேடையில உனக்கு இடம் இல்ல, உன் பொட்டியையும் தூக்கிக்கினு போன்னுட்டேன்.

கோவத்துல ஒரு வார்த்தை சொல்றதுதாம்மா. கூடப் பொறந்தவ அதை நிஜம்னு எடுத்துப்பாளா? சனிக்கிழமை எனக்கு டியூட்டி. நான் ரயிலேறினதும் ஆட்டோ கொண்டாந்து, துணிமணி, கிதாரு, பொட்டி எல்லாத்தையும் ஏத்திக்கினு போய்ட்டா. வீட்டுக்கு வந்து பாக்கறேன், அவ பொட்டி இருந்த மூலை வெறும்னே இருக்கு. தரையைக்கூடப் பெருக்கி வெச்சிட்டுப் போயிருக்கா. அன்னிக்குப் போன் மேல போன். எடுப்பேனா? எடுக்கல. எடுத்து என்ன பேசறது. கட் பண்ணிக் கட் பண்ணி விட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுல ஆம்ப்பை இறக்கி வெச்சு ஒயர் மாட்டறேன். சாலமோன் வந்து நிக்கறான். அக்கா, சூசி போன் பண்ணா, பின்னாடி சுவிட்ச்சைத் தொட வேணாம்னு சொல்லச் சொன்னான்னான். என்ன சுவிட்ச்சுன்னு திருப்பிப் பாக்கறேன். என் ஆம்ப்பும்மா. என் ஆம்ப்புல சுவிட்ச்சு பதினாறுல நிக்குது. எட்டுல இருந்ததைத் திருகிப் பதினாறுல வெச்சிட்டுப் போயிருக்கா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. நான் இல்லாத நேரத்துல, என் வீட்டுல, என் ஆம்ப்புல கை வெச்சிருக்கா.

"அக்கா, ஒரு பொட்டிதானே இருக்கு, அதனால மாத்தியிருப்பா,"ன்னான் சாலமோன்.

"அவ யாருடா என் ஆம்ப்பை மாத்தறதுக்கு,"ன்னேன்.

"எதுக்கும் ஒரு போன் பண்ணிக் கேட்டுடேன்."

"நீ போய் டிரம்ஸைக் கட்டு,"ன்னேன்.

சுவிட்ச்சைத் திருப்பி எட்டுல வெச்சேன். என்னிக்கும் எப்பிடி இருந்துச்சோ அப்பிடி வெச்சேன். அதுல என்ன தப்பு சொல்லுங்க.

முதல் பாட்டு ஆரம்பிச்சேன். சத்தம் எழும்பல. மந்தமா, கம்பளி போத்தின மாதிரி வருது. பிஷப் ஐயா முன்வரிசையில உக்காந்திருக்கார். ரெண்டாவது பாட்டுல குமிழை இன்னும் திருகினேன். அப்பவும் எனக்குப் போதல. ஒரு பொட்டி இல்லாம போச்சே, அதையும் சேத்துத்தானே ஈடுகட்டணும். கடைசி வரைக்கும் திருகினேன். மூணாவது பாட்டு, நடுவுல நான் தனியா வாசிக்கற இடம். படபடன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கம்பியை மீட்டறேன், ஒண்ணும் வரல. பின்னாடிலேர்ந்து புகை. ரப்பர் எரியற வாடை சர்ச்சு முழுக்க. பூசணிக்கா, வாழைக்குலை, கரும்புன்னு படைக்கக் கொண்டாந்தவங்க எல்லாரும் மூக்கைப் பொத்திக்கினு நிக்கறாங்க.

நான் என்ன பண்ணுவேன். பாடறவங்க மைக்கு சர்ச்சோட செட்டுல இருந்தது, அது வேலை செஞ்சது. அதை எடுத்து, எல்லாரும் மன்னிக்கணும், இது என் கூடப் பொறந்தவ செஞ்ச வேலை, ஊரை விட்டுப் போறப்ப என் ஆம்ப்புல கை வெச்சிட்டுப் போயிருக்கான்னு சொன்னேன். எல்லாருக்கும் தெரியணும் இல்லியா. பாஸ்டர் எழுந்து, கைதட்டியே பாடலாம்னு சொல்லி அடுத்த பாட்டை ஆரம்பிச்சார். சாலமோன் டிரம்ஸ் குச்சியைக் கீழ வெச்சிட்டு என்னையே பாத்துக்கினு இருந்தான்.

வெளிய வந்ததும், "அக்கா, நீதானே திருப்பின,"ன்னான்.

"நான் பழையபடி வெச்சேன். மாத்தினது அவ,"ன்னேன்.

அவன் டிரம்ஸைக் கழட்டப் போய்ட்டான். ஆனா அன்னிக்கு சாயந்தரமே அவளுக்குப் போன் பண்ணி நான் மைக்குல சொன்னதை ஒப்பிச்சிட்டான். அதுக்கப்புறம் அவகிட்டேர்ந்து எனக்குப் போன் வரல. தப்பு அவ மேல. அதனாலதான் வரல.

ஆம்ப்பை பெங்களூருக்குத் தூக்கிக்கினு போய் ஒரு ரிப்பேர்க்காரர்கிட்டக் குடுத்தேன். அவர் பொளந்து பாத்துட்டு, டிரான்ஸ்ஃபார்மர் போயிருச்சுங்கன்னார். பழசு, தன்னாலயும் போயிருக்கலாம், ஆனா நம்பர் ஒத்துப்போகாம முழுச் சத்தத்துல ஓட்டினா தாங்காதுன்னார். எத்தனை பொட்டி மாட்டினீங்கன்னார். ஒண்ணுன்னேன். என்ன பொட்டின்னார். பதினாறுன்னேன். சுவிட்ச்சு எதுல இருந்ததுன்னார். எட்டுன்னேன்.

"பதினாறுல இல்ல இருந்திருக்கணும்?"

நான் விடல. "சார், ரெண்டு பொட்டிக்கு எட்டுன்னா, ஒரு பொட்டிக்கு அதுல பாதி நாலுதானே? நான் எட்டு வெச்சேன். தாராளமாத்தான் வெச்சிருக்கேன்,"ன்னேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சார். டீ சாப்பிடறீங்களான்னு கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியலம்மா. சூசியும் அதே தொழில்தானே. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுப்பாங்களா.

ஒண்ணு சொல்லணும். டியூன் பண்றப்பதான் எனக்கு அவ ஞாபகம் வரும். சூசி வாயாலயே சுதி குடுப்பா. ம்ம்னு ஒரு இழுப்பு இழுத்தா, அதுதான் முதல் கம்பி. அவளுக்குக் காது அப்பிடி. இப்ப போன்ல ஒரு இது போட்டு டியூன் பண்றேன், பச்சை லைட்டு எரிஞ்சா சரின்னு அர்த்தமாம். சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு என்னமோ சேரவே மாட்டேங்குது.

மாசங்கள் ஓடிப்போச்சு. போன வாரம் சாலமோன் வந்தான். பெங்களூர் லிங்கராஜபுரத்துல ஒரு ஸ்கூல் ஹால்ல சூசி குரூப்புக்கு நிகழ்ச்சியாம், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும். அக்காவைக் கட்டாயம் வரச் சொல்லு, கிதாரையும் எடுத்துக்கினு வரச் சொல்லு, கடைசியில ரெண்டு பேரும் சேந்து ஒரு பாட்டு வாசிக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கா. சரி, மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன். நாலு பேருக்கு முன்னாடி நான் சொன்னதுக்கு, நாலு பேருக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்கறது முறைதானே. மன்னிச்சிடறதுன்னு முடிவு பண்ணிக்கினுதான் இன்னிக்குக் காலையில ரயிலேறினேன். நல்ல புடவையா எடுத்துக் கட்டினேன், பாருங்க.

போனா, மேடையில ஆளுக்கொரு ஆம்ப்பு. ஓரமா ஒரு ஆம்ப்பு சும்மா நின்னுக்கினு இருந்தது. அது எனக்காம். நான் பின்னாடி கதவு பக்கத்துல உக்காந்துக்கினேன். அவ என்னைப் பாத்துட்டுக் கையாட்டினா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாட்டு ஆரம்பிச்சது. நடுவுல லீடு வர்ற இடம். யாரு வாசிக்கறதுன்னு பாக்கறேன். சூசிம்மா. என் தங்கச்சி சூசி. கண்ணை மூடிக்கினு வாசிக்கறா. ஒரு கம்பியை வளைச்சு, அழற கொழந்தை மூச்சு இழுக்குமே, அந்த மாதிரி இழுத்து விட்டா. நான் இத்தனை வருஷமா வாசிக்கறேன், எனக்கு அந்த மாதிரி ஒரு இழுப்பு வந்ததில்ல. வராது. அது எனக்கே தெரியுது. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவர் யாரோ, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிக்கினார்.

என்னால உக்கார முடியல. இன்னும் பாட்டு பாக்கி இருக்கறப்பவே எழுந்து வெளிய வந்துட்டேன். கேட்டுகிட்ட ஆட்டோவுக்கு நின்னேன். அந்தப் பாட்டு முடிஞ்சதும் அவ ஓடியாந்தா. கழுத்துல கிதாரோட. வேர்த்துப் போயிருந்தா.

"என்னக்கா, கிளம்பிட்ட? நம்ம பாட்டு இன்னும் இருக்கே,"ன்னா.

மன்னிப்பு இல்லம்மா. ஆம்ப்பைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. சர்ச்சுல நான் சொன்னதைப் பத்தியும் இல்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சிக்கினு நிக்கறா.

"இதெல்லாம் எங்கடி கத்துக்கின?"ன்னேன்.

"வீட்லதான்கா. ஒயர் சொருகாம உக்காந்து வாசிப்பேனே, அப்பத்தான். அப்புறம் மேடையிலயும் வாசிச்சிருக்கேன். உன் பக்கத்துல நின்னுதான் வாசிச்சேன்."

"நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லயே,"ன்னேன்.

அவ ரொம்ப மெதுவா, "ஆமாக்கா. நீ கேட்டதே இல்ல,"ன்னா.

பாத்தீங்களா? அப்பவும் என்மேலயே திருப்பி விடறா. நான் ஆட்டோவுல ஏறிட்டேன். அவ கேட்டைப் புடிச்சுக்கினு நின்னா. உள்ளேர்ந்து அவளைக் கூப்பிடறாங்க, அவ போகல. நான் திரும்பிப் பாக்கறப்பவும் அங்கதான் நின்னுக்கினு இருந்தா.

சுவிட்ச்சைத் திருப்பினது பெருசில்லம்மா. ஊரை விட்டுப் போனதும் பெருசில்ல. ஆம்ப்புன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். ஒரே வீடு, ஒரே மேடை, ஒரு கையெட்டற தூரத்துல இத்தனை வருஷம் நின்னுக்கினு, இப்பிடி ஒரு வாசிப்பைக் கையில வெச்சுக்கினு, எனக்கு மட்டும் தெரியாம ஒளிச்சு வெச்சிருந்தா பாருங்க. பெங்களூர்ல யாரோ முகம் தெரியாதவங்க எல்லாம் கேக்கறாங்க. கத்துக் குடுத்த எனக்குக் கேக்கல.

அதை எப்பிடிம்மா மன்னிக்கறது. நீங்களே சொல்லுங்க.